திரும்பி வந்தவரின் நாடகத்தில் யாருக்கு இடம்?

இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்கள் ஒன்றுகூடும்போது இளைஞர்கள் விரும்பி மேடையேற்றும் கதைகளுள் ஒன்று, வெளிநாடு சென்றவர் ஊர் திரும்பும் கதையாகும். பெட்டியுடன் வந்திறங்கும் மகன், வாசலில் அழும் தாய், இடிந்த வீடு, இறுதியில் ஒரு விருந்து. பார்ப்பவர்கள் அழுவார்கள், சிரிப்பார்கள். ஆனால் அந்த மேடையில் ஊர் முழுவதும் இருக்கிறதா?

நற்செய்தி காட்டும் வழி

ஊதாரி மைந்தன் உவமையும் (லூக்கா 15:11-32) தூர தேசம் போனவர் திரும்பிய கதையே. அதில் இயேசு விருந்தோடு நிறுத்தவில்லை. வயலில் வேலை செய்துவிட்டு வரும் மூத்த மகனைப் பேச வைக்கிறார். இத்தனை வருடம் உழைத்தவனுக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்ற அவனுடைய மனக்குறையைத் தந்தை வெளியே வந்து கேட்கிறார். மூத்தவன் உள்ளே சென்றானா என்பது சொல்லப்படவில்லை. அந்த வீட்டின் கூலியாட்களோ தம் நிலையைப் பற்றிப் பேசவேயில்லை. தாயைப் பற்றிய குறிப்பே கிடையாது. அவர்களுடைய நியாயம் என்னவென்று தேடுவது எமது பொறுப்பு.

எமது மேடையின் அனுபவம்

மஹாகவியின் ‘புதியதொரு வீடு’ நாடகத்தில், கடலில் இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட மீனவர் திரும்பி வருகிறார். அதற்குள் அவருடைய மனைவி அவரது சகோதரனை மணந்து வாழ்கிறாள். இங்கு யாரும் கெட்டவர் அல்லர். போனவருக்குக் காலம் நின்றுவிட்டது போலத் தோன்றினாலும் இருந்தவர்களுக்கு அது ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘எந்தையும் தாயும்’, பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் ஊரில் தனித்துப்போன முதியோரை மேடையின் நடுவில் நிறுத்தியது. இரண்டு நாடகங்களும் இருந்தவர்களின் பக்கத்தைக் காட்டின.

தீவகத்தில் திரும்புவோர் யார்?

1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். சிலர் கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போனார்கள். பலர் குடாநாட்டிலும் வன்னியிலும் அலைந்தார்கள். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் சிலர் போகாமலே இருந்தார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் திரும்பி வரும் கதை உண்டு. எமது நாடகத்தில் அவர்கள் வருகிறார்களா?

இன்னுமொரு நிலையைச் சிந்திப்போம். 30 வருடங்களின் பின் ஒருவர் வந்து தம் காணியைக் கேட்கிறார். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, அதில் பயிர் செய்தது காணியற்ற இன்னொரு இடம்பெயர்ந்த குடும்பம். உறுதி ஒருவர் கையில், வியர்வை இன்னொருவருடையது. வந்தவரை மட்டும் பேசவிட்டால் அக்குடும்பம் களவாளியாகும். பயிர் செய்தவரை மட்டும் பேசவிட்டால் வந்தவர் பேராசைக்காரராவார். இருவரும் பேசினாற்தான் ஊர் தன்னைப் பார்க்கும்.

நாடகம் ஆக்கும்போது

1. எழுதுவதற்கு முன் ஊரிலுள்ள எல்லாத் தரப்பினரையும் பட்டியலிடுங்கள்: காணி உள்ளவர், அற்றவர், கூலியாள், சீவல் தொழிலாளி, மீனவர், கணவனை இழந்த பெண், அயல் மதத்தவர்.
2. அவர்களிடமே சென்று கேளுங்கள். ஊகித்து எழுதவேண்டாம்.
3. பெண்ணின் கதையைப் பெண்ணே சொல்லட்டும். கூத்து மேடையில் ஆண்களே பெண் வேடமிட்ட வழக்கம் இன்று எமக்குத் தடையாகக் கூடாது.
4. எந்தச் சாதியையும் பேச்சு வழக்கையும் சிரிப்புக்குரியதாக்க வேண்டாம்.
5. ஒரு குடும்பத்தின் துயரை அவர்களுடைய சம்மதமின்றி மேடையேற்றக் கூடாது.
6. முடிவைச் சபையிடம் விடுங்கள். மூத்த மகன் உள்ளே போவானா என்று அவர்களே பேசட்டும்.

கலந்துரையாட:

- எமது ஊரில் யாருடைய குரல் இதுவரை மேடையேறவில்லை?
- அவர்கள் வந்து அமர எமது கூட்டத்தில் பாய் விரிக்கப்பட்டுள்ளதா?
- திரும்பி வருபவருக்கும் காத்திருந்தவருக்கும் ஒரே காணியில் நியாயம் செய்வது எப்படி?