வயலின் வகுப்பைக் காத்த ஆசிரியை

பிள்ளைகளுக்கு இசை கற்பிப்போர் வித்தையை மட்டுமன்றி விடாமுயற்சியையும் கற்பிக்கின்றனர். இதற்கு நல்லதோர் உதாரணம் ரொபேர்ட்டா குவாஸ்பாரி அம்மையார்.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலே வறிய மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதி கிழக்கு ஹார்லெம். அங்குள்ள அரச பாடசாலைகளில் 1980ஆம் ஆண்டு அவர் வயலின் கற்பிக்கத் தொடங்கினார். முன்னர் தாமே வாங்கி வைத்திருந்த 50 வயலின்களைப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தார்.

வயலின் பிள்ளையின் கை நீளத்துக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். கால், அரை, முக்கால் என அளவுகள் உண்டு. பிள்ளை வளர வளர வாத்தியத்தையும் மாற்ற வேண்டும். எனவே பாடசாலையிலே பல அளவு வயலின்கள் இருப்பது பேருதவியாகும்.

கற்க விரும்பியோர் தொகை மிகுந்தபோது, திறமை பார்த்துத் தெரிவு செய்யாமல் சீட்டுக் குலுக்கியே பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். எந்தப் பிள்ளைக்கும் பயிற்சியால் இசை வரும் என்பது அம்மையாரின் நம்பிக்கை.

1991இல் செலவுக் குறைப்பினால் அவரது பதவி இல்லாமற் போயிற்று. அவரோ வகுப்பைக் கைவிடவில்லை. பெற்றோரும் நண்பர்களும் உடன் நின்று நிதி திரட்டினர். ‘ஓபஸ் 118’ என்னும் அமைப்பும் உருவாயிற்று. 1993 ஒக்டோபரில் புகழ்பெற்ற கார்னெகி மண்டபத்திலே ஐசாக் ஸ்டேர்ன், இட்சாக் பெர்ல்மன் முதலிய பெரும் கலைஞர்கள் அப்பிள்ளைகளோடு ஒரே மேடையில் வாசித்தனர். வகுப்புகளும் தொடர்ந்தன.

விதையிட ஓர் ஆசிரியர் போதும். அது பயிராக வேண்டுமாயின் பெற்றோரும் ஊரவரும் சேர்ந்தே நீரூற்ற வேண்டும்.