நூறு கண்ணி, மூன்று பேர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏப்ரல் மாதம் முழுக்க நாளுக்கு ஒரு கவிதை எழுதுவது என்று நீங்கள் ஐந்து பேர் முடிவு செய்திருப்பதாகவும், யாரும் நடுவில் நழுவிவிடாமலிருக்க வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். “முப்பதில் மூன்றாவது தேறுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேறலாம். என் கவலை வேறு. ஆளுக்கு முப்பது எழுதி நூற்றைம்பது சேர்ந்த பிறகு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் போய்விடக் கூடாது. அமெரிக்காவில் 1996 முதல் ஏப்ரலைக் கவிதை மாதமாகக் கொண்டாடுகிறார்கள். மோரீன் தோர்சன் என்ற கவிஞர் 2003இல் அந்த மாதம் தினம் ஒரு கவிதை எழுத ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது அந்த வழக்கத்தைத்தான். கையைப் பழக்க நல்ல வழி. ஆனால் அதில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதுகிறார்களே தவிர, சேர்ந்து எழுதுவதில்லை. சேர்ந்து எழுதுவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். அதன் பெயர் ரெங்கா: ஒரு சிறு கண்ணிக்கு இன்னொன்றைத் தொடுத்துக்கொண்டே போவது.

முதலில் அந்தக் கலை தறிகெட்டு ஓடிய ஒரு நாளைச் சொல்கிறேன். ஒசாகாவின் சுமியோஷி கோயிலில், 1684இல், இஹாரா சாய்காக்கு என்பவர் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து தனியாளாக 23,500 கண்ணிகள் சொன்னார். வகுத்துப் பாருங்கள், கண்ணிக்கு நான்கு வினாடிகூட வரவில்லை. கியோட்டோவில் ஒரு நீண்ட கோயில் தாழ்வாரம் உண்டு. வில்லாளிகள் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரவு பகலாக அம்பு விட்டு எண்ணிக்கையில் போட்டியிடுவார்கள். சாய்காக்கு அந்த விளையாட்டைக் கவிதைக்குக் கொண்டுவந்தார். 1677இல் 1,600, 1680இல் 4,000. இடையில் வேறு சிலர் அவரை முந்தப் பார்த்தார்கள். கடைசியில் யாரும் கிட்டே வரமுடியாத ஒரு தொகையை வைத்து ஆட்டத்தையே முடித்துவிட்டார். எழுதிக்கொள்ள உட்கார்ந்தவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை; கண்ணிக்கு ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே போனார்கள். தொடக்கக் கண்ணி மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் அதன்பின் ‘இருபதாயிரக் கிழவர்’ என்று தனக்கே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். இன்று அவர் நிற்பது நாவல்களால்தான். அந்த ஓட்டத்தின் மூச்சு அவருடைய உரைநடையில் கேட்கிறது என்பது என் அபிப்பிராயம். கவிதைக்கு என்ன மிச்சம் என்றால், கோடுகள்.

இப்போது மினாசேக்கு வாருங்கள். ஆண்டு 1488. சோகி என்ற குருவும், ஷோஹாக்கு, சோச்சோ என்ற இரண்டு சீடர்களும் மறைந்த பேரரசர் கோ-தோபாவின் நினைவாக நூறு கண்ணிகள் பாடினார்கள். கோ-தோபாவும் கவிஞர்தான், ஆட்சிப் போட்டியில் தோற்று, தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கேயே இறந்தவர். அவருக்குப் பிரியமான அரண்மனை இருந்த இடம் மினாசே. சோகிக்கு அப்போது ஏறக்குறைய 67 வயது. ஒருவர் 17 அசையில் ஒரு கண்ணி சொல்ல, அடுத்தவர் 14 அசையில் தொடுப்பார். அப்படியே மாறி மாறி நூறு வரை. மடித்த நான்கு தாள்களில் எட்டுப் பக்கம். எந்தப் பக்கத்தில் நிலா வரலாம், பூ எங்கே வரவேண்டும், வசந்தம் எத்தனை கண்ணி வரை நீடிக்கலாம் என்பதற்கெல்லாம் சட்டம் உண்டு. நிஜோ யோஷிமோட்டோ 1372இலேயே அந்த விதிகளைத் தொகுத்துவிட்டார்.

இத்தனை விதிகளிலும் உயிரானது ஒன்றுதான். உங்கள் கண்ணி முந்தைய கண்ணியோடு சேர்ந்து ஒரு முழுக் கவிதையாக வேண்டும்; அதற்கும் முந்தையதை விட்டு விலகிவிட வேண்டும். ஒருவர் ஆற்றைக் கடக்கும் கிழவரைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் அந்தக் கிழவர் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கிறார். மூன்றாமவர் பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டு கிழவரையும் ஆற்றையும் கைவிட வேண்டும். அது இப்போது நகரத்தில் ஒரு பெண்ணின் மேசைமேல் பிரிக்கப்படாமல் கிடக்கலாம். கிழவரை மறக்க மனம் வராதவர் ரெங்காவுக்கு லாயக்கில்லை. நம் அந்தாதியும் சங்கிலிதான், ஆனால் அது ஒரே மனம் ஒரே பொருளைச் சுற்றிவருவது. இங்கே யாரும் எதையும் வைத்துக்கொள்ள முடியாது.

பாரதி 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டார். பிறகு ஹைக்கூ தமிழில் வெள்ளமாக வந்தது. ஹைக்கூ என்பது இந்தத் தொடரின் முதல் கண்ணி தனியே பிரிந்து நின்றதுதான். வாசற்படியைப் பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டோம், வீட்டை அங்கேயே விட்டுவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நண்பர்கள் சிலர் தமிழில் முப்பத்தாறு கண்ணி முயன்றோம். ஹைக்கூ கவிஞர் பாஷோ விரும்பிய அளவு அது. பாதி தாண்டுவதற்குள் மூன்று நான்கு அம்மாக்கள் வந்துவிட்டார்கள். மழைக்குக் கணக்கே இல்லை. ஏடு எழுதிய தோழி கறாரானவர். “இனிமேல் அம்மா கிடையாது” என்று அறிவித்தார். முகங்கள் சுருங்கின. அதற்குப் பிறகுதான் ஒரு ரேஷன் கடை வரிசையும், கோழிக்கறிக் கடையின் தராசும், பஸ்ஸில் யாரோ விட்டுப்போன குடையும் வந்து சேர்ந்தன. நல்ல வரி என்று நான் ஒளித்து வைத்திருந்த ஒன்றைக் கடைசிவரை சொல்லவே முடியவில்லை. அதற்கு இடம் கொடுக்கும் கண்ணியை எவரும் எழுதவில்லை. அன்றைக்குக் கோபமாக இருந்தது.

சேர்ந்து எழுதும்போது வரும் இத்தகைய சங்கடம் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. 1969 ஏப்ரலில் பாரிஸ் நகரில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் ஒக்தாவியோ பாஸ், ழாக் ரூபோ, சங்குயினெத்தி, சார்ல்ஸ் டாம்லின்சன் ஆகிய நான்கு கவிஞர்கள் நான்கு மொழிகளில் சேர்ந்து ஒரு ரெங்கா எழுதினார்கள். அடுத்தவர் பார்க்க எழுதுவதில் உள்ள வெட்கத்தைப் பற்றி பாஸ் பிற்பாடு வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

பாஷோவின் கதை இன்னும் சுவையானது. 1689 பயணத்தில் மொகாமி ஆற்றங்கரையில் ஓய்ஷிடா என்ற ஊரில் உள்ளூர்க்காரர்களோடு உட்கார்ந்தார். தொடக்கக் கண்ணியில் மழைநீர் சேர்ந்த ஆற்றின் குளிர்ச்சியைச் சொன்னார். வீட்டுக்காரருக்கு விருந்தாளி செய்யும் மரியாதை அது. பிறகு பயணநூலில் சேர்க்கும்போது குளிர்ச்சியை எடுத்துவிட்டு வேகத்தை வைத்தார். சபைக்கு ஒன்று, தனக்கு ஒன்று. உங்கள் முப்பதில் தேறப்போகிற மூன்றும் இப்படித்தான், கூட்டம் கலைந்த பிறகு தனியே திருத்தப்பட்டுத் தேறும்.

ஆகவே நாளுக்கு ஒன்று எழுதுவதை விட்டுவிடாதீர்கள். ஆனால் வாரக் கூட்டத்தில் அதை வாசித்துக் கைதட்ட வேண்டாம். அங்கே முப்பத்தாறு எழுதுங்கள். முதல் கண்ணி விருந்தாளிக்கு, இரண்டாவது வீட்டுக்காரருக்கு. இது பழைய முறை. ஏடு எழுத ஒருவர், மறுக்கும் அதிகாரத்தோடு. நிலாவுக்கும் பூவுக்கும் பதிலாக மின்வெட்டு எங்கே வரவேண்டும், புளியமரம் எங்கே என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். கடைசிக் கண்ணி மட்டும் சட்டென்று, லேசாக விழ வேண்டும். களைத்த கூட்டத்தைக் காக்கவைக்கக் கூடாது என்று அதை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பவர்களும் உண்டு. அது திருட்டில்லை.

ஏட்டின் இறுதியில் யார் எத்தனை சொன்னார் என்று குறிப்பது வழக்கம். மினாசேயில் சோகி 34, மற்ற இருவரும் 33, 33. முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அந்தத் தொகை மட்டும் இருக்கட்டும், எந்தக் கண்ணி யாருடையது என்று எழுத வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்