சத்தமாக வாசித்த கணக்கு

மகளிர் சுய உதவிக் குழு என்றதும் இன்று பலருக்கும் ஞாபகம் வருவது லோன்தான். அது தமிழ்நாட்டில் முதலில் வேர்விட்டது எங்கள் பக்கத்தில். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இந்தக் குழுக்களை ஆரம்பித்தது பழைய தருமபுரி மாவட்டத்தில். எங்கள் ஊத்தங்கரை அப்போது அதற்குள்தான் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். வறண்ட பூமி என்று பேர் வாங்கியிருந்ததால்தான் இந்தப் பெருமை எங்களுக்கு வந்தது என்பது வேறு விஷயம்.

நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில், மகளிர் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவிய நேரத்தில். பிறகு சில வருஷம் குழுவை நடத்தும் ஊக்குநராகவும் இருந்தேன். குழுவில் எனக்குக் கிடைத்த கடனெல்லாம் எப்போதோ அடைந்து போனது. கையில் நின்றது ஒரே ஒரு பழக்கம்: பணக் கணக்கை நாலு பேர் முன்னால் வாய்விட்டு வாசிப்பது.

கூட்டத்தில் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். யார் எவ்வளவு சேமிப்பு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி, பெட்டியில் எவ்வளவு, பாங்கில் எவ்வளவு என்று ஒருத்தி வாசிப்பாள். எங்களில் பாதிப் பேருக்கு அன்று கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் குழுவின் ஆடிட்டர், ஒரு எழுத்தும் தெரியாத பெரியம்மாதான். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். "ஏம்மா, போன மாசம் அவ முந்நூறு குடுத்தாளே, நீ இருநூறுன்னு படிக்கிறே?" என்பார். நோட்டைப் புரட்டினால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். காதில் விழுந்த தொகை மறப்பதில்லை. எழுதி மூடிவைத்த தொகையை யாரும் கேட்பதில்லை.

வட்டியின் சூட்சுமமும் எனக்குப் புரிந்தது இப்படி வாசித்துத்தான். எங்கள் பக்கம் புளி சீசனில் பெண்களுக்குப் பணம் தேவைப்படும். மரத்தைக் குத்தகைக்குப் பிடிக்கவோ ஓட்டோடு புளி வாங்கவோ முதல் வேண்டும். தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து விற்றால்தான் காசு திரும்பும். அப்படி ஒருத்தி வெளியில் பத்தாயிரம் வாங்கினாள். "ரெண்டு ரூபா வட்டிதான் யக்கா, நம்ம குழுவிலயும் அதே ரெண்டு ரூபாதானே" என்றாள். அடுத்த கூட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாசித்தோம். வெளியில் மாதம் 1,200 ரூபாய், பத்து மாதம்: அசல் போக வட்டி 2,000. குழுவில் மாதம் அசல் 1,000 கட்டக் கட்ட, மீதிக்கு மட்டும் வட்டி. முதல் மாதம் 200, அடுத்து 180, பிறகு 160 என்று இறங்கி, கடைசி மாதம் 20. மொத்தம் 1,100. ஒரே "ரெண்டு ரூபா"தான், வித்தியாசம் 900. அதுவும் குழுவுக்குக் கட்டிய வட்டி குழுவிலேயே கிடக்கும். வெளியில் கட்டியது உண்மையில் மாதம் மூன்றரை ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வரும். அன்றிலிருந்து யார் கடன் கொடுக்க வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: "குறையிற பாக்கிக்கு வட்டியா, மொத்தத்துக்கும் வட்டியா?" டூவீலர் வாங்கினாலும் வாஷிங்மெஷின் வாங்கினாலும் இதைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் சபையில் வைத்துக் கேட்டுவிடலாமா என்றால், கூடாது. தவணை தவறியவள் பெயரை வாசித்ததும் பதினைந்து தலை அவள் பக்கம் திரும்பும். அதற்குப் பயந்தே சிலர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள், அல்லது தண்டல்காரரிடம் வாங்கி இங்கே கட்டிவிடுவார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. அதனால் தவணை இழுத்தால் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒருத்தி மட்டும் அவள் வீட்டுக்குப் போவது என்று வைத்துக்கொண்டோம். தொகையைச் சபையில் பேசலாம். காரணத்தை அடுப்படியில்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கவும் தெரிய வேண்டும். "ஆஸ்பத்திரிச் செலவு" என்று ஆரம்பிப்பவள், குறுக்கே பேசாமல் இருந்தால், சற்று நேரத்தில் மகன் வாங்கிய கடனைச் சொல்வாள்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த மாதம் வெளியில் வாங்கிய கடனுக்குத் தவணை கேட்டு ஆள் வந்தது. சேறு காயாத வீட்டு வாசலிலேயே நின்றார்கள். குழுவின் உள்கடனுக்கு மட்டும் அவகாசம் கொடுத்துத் தீர்மானம் போட முடிந்தது. கடன் வாங்கும்போது வட்டியை மட்டும் பார்க்காதீர்கள், கொடுத்தவர் நம் வாசலில் வெள்ளம் வந்தால் என்ன செய்வார் என்றும் பாருங்கள். அடாவடி வசூலைத் தடுக்க 2025-ல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்திருக்கிறது, நல்லது. ஆனாலும் சட்டம் வாசலுக்கு வருவதற்குள் வசூல்காரர் வந்துவிடுகிறார்.

வீட்டில் கணக்கு வாசிப்பது குழுவைவிடக் கஷ்டம். சம்பளம் எவ்வளவு என்று பிள்ளைகள் முன்னால் சொல்வதை என் வீட்டுக்காரர் கௌரவக் குறைச்சலாக நினைத்தார். "காசு இல்லேன்னு ஊருக்கே சொல்லப்போறியா?" என்றார். முதலில் செலவை மட்டும் வாசித்தேன். பால், கேஸ், கரண்ட், சீட்டு. வரவு தானாக வெளியே வந்தது. தவணையில் போன் கேட்டுக்கொண்டிருந்த மகன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊக்குநர் பொறுப்பைச் சின்னவள் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு வட்டத்தில் வந்து உட்கார்ந்தபோதுதான் எனக்குக் காது திறந்தது. வாசிக்கிறவளாக இருந்தவரை யார் முகம் எந்தத் தொகையில் சுருங்குகிறது என்று பார்த்ததே இல்லை. எந்தப் பொறுப்பும் நன்றாகக் கைவந்த உடனே அடுத்தவருக்கு மாற்றிவிடுவது நல்லது. நம் பேச்சைக் கேட்டுச் சலித்தவர்களுக்கும் அது ஓய்வு.

இப்போது எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் கம்பெனி வேனில் பர்கூருக்கும் போச்சம்பள்ளிக்கும் போகிறார்கள். ஓசூரில் அறையெடுத்துத் தங்குகிறார்கள். சம்பளம் அக்கவுண்டில் ஏறுகிறது, போனிலேயே கடனும் கிடைக்கிறது, இரண்டும் யார் காதிலும் விழுவதில்லை. அவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே அறையில் நாலு பேர் இருந்தால் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து வரவு, செலவு, கடன் மூன்றையும் வாசியுங்கள். முறையான குழுவாக வேண்டுமென்றால் 12 பேராவது சேர வேண்டும். சொந்த ஊருக்கு வரும்போது ஊராட்சிக் கூட்டமைப்பில் விசாரியுங்கள். அதுவரைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.