முழு அதிகாரத்தையும் வாசியுங்கள்

கேள்வி: ஜனவரியில் வேத வாசிப்பைத் தொடங்குகிறேன். லேவியராகமம் வந்ததும் நின்றுவிடுகிறது. என்ன செய்ய?
- ஒரு வாசகர், சாயர்புரம்

பதில்: நின்ற இடத்திலேயே தொடருங்கள். மறுபடி ஆதியாகமத்துக்கு ஓடாதீர்கள். எபிரெயர் நிருபத்தின் 9, 10ஆம் அதிகாரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் பலிகளின் பொருள் விளங்கும். வேதத்தில் இருப்பது 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷம் போதும். ஒன்றரை வருஷம் ஆனாலும் பாவமில்லை.

கேள்வி: உபவாச நாளில் காபி குடிக்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: குடியுங்கள். அன்று மிச்சமான சாப்பாடு எந்த ஏழைக்குப் போனது என்று பாருங்கள். ஏசாயா 58 கேட்பது அதைத்தான்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எனக்கு, ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற எரேமியா 29:11 வாக்குத்தத்தமாகக் கிடைத்தது. மார்ச்சில் மகனுக்கு வேலை போய்விட்டது. என் விசுவாசத்தில் குறையா ஐயா?
- பெயர் வேண்டாம், நாசரேத்

பதில்: குறை உங்களிடம் இல்லை அம்மா. ஒரு வசனத்தை மட்டும் வெட்டி அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுத்து அனுப்புகிறோமே, எங்களிடம்தான் குறை.

எரேமியா 29 ஒரு கடிதம். நேபுகாத்நேச்சார் ராஜா பாபிலோனுக்குச் சிறைபிடித்துப்போன யூதருக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களை நம்பவைக்கிறான். எரேமியாவோ 70 வருஷம் என்கிறார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று எழுதுகிறார். அந்த 70 வருஷம் 10ஆம் வசனத்தில் இருக்கிறது. அட்டையில் வருவது 11 மட்டும். கடிதம் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். தேவன் அவர்களைக் கைவிடவில்லை. பாபிலோனில் இருந்தபடியே தம்மைத் தேடக் கற்றுக்கொடுத்தார். விசுவாசம் வளர்வது அப்படித்தான். நினைத்தது நடந்ததா என்று மாதாமாதம் கணக்குப் பார்ப்பதை விடுங்கள். காத்திருக்கும் காலத்தில் கீழ்ப்படியக் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரி 28, 29 இரண்டு அதிகாரங்களையும் மகனோடு உட்கார்ந்து வாசியுங்கள். அவன் வேலைக்காக நானும் ஜெபிக்கிறேன்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் குடும்ப ஜெபத்துக்கு வர மறுக்கிறான். கண்டித்தும் பயனில்லை.
- ஒரு தகப்பனார், பாளையங்கோட்டை

பதில்: முக்கால் மணி நேரம் நடத்துகிறீர்களா? பத்து நிமிஷத்தில் முடியுங்கள். அவன் மார்க்கையும் செல்போனையும் ஜெபத்திலே சொல்லிக் காட்டுகிறீர்களா? இன்றோடு நிறுத்துங்கள். தேவனிடம் பேசுவதாகச் சொல்லிப் பிள்ளையைத் திட்டினால் அவன் எப்படி வருவான்? வேதம் வாசிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். சங்கீதம் 117இல் தொடங்கட்டும், இரண்டே வசனம். நீங்கள் அவனிடம் கோபப்பட்ட நாளில், ஜெபத்துக்கு முன்பே அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளைகள் முதலில் வாசிப்பது பெற்றோரின் நடக்கையைத்தான்.