ஆறு ஃபேன், மூன்று ஹெடர்

கேள்வி: புதிதாக வாங்கிய கேபினெட்டில் ஆறு ஃபேன்கள். மதர்போர்டிலோ பிராசஸர் கூலருக்கு ஒன்று, கேபினெட்டுக்கு இரண்டு என மூன்றே ஹெடர்கள். ஆறையும் கட்டுப்பாட்டில் வைக்க முடியுமா? பிரவுசரைத் திறந்தாலே ஃபேன்கள் ‘விர்ர்’ என்று ஏறி உடனே இறங்குகின்றனவே, அது ஏன்? – ஒரு வாசகர், சேலம்

பதில்: முடியும். ஆனால் பயாஸுக்குள் போவதற்கு முன் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு ஃபேன் ஒயரின் நுனியிலும் என்ன பிளக் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

சிறிய பிளக்கில் நான்கு துளைகள் இருந்தால் நல்ல சேதி. ஒன்று கிரவுண்டு, அடுத்தது 12 வோல்ட். மூன்றாவது ஒயர் வழியாக ஃபேன் தன் வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்கிறது. இறக்கை ஒரு சுற்று சுற்றினால் இரண்டு பல்ஸ். நான்காவதில்தான் கட்டளை வருகிறது. இதன் பெயர் பிடபிள்யூஎம். இதற்கு இன்டெல் வகுத்த விதிமுறை சொல்லும் அதிர்வெண் 25 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால், கட்டளை காரணமாக மோட்டார் முனகினாலும் நமக்குக் கேட்காது.

மூன்று துளைகள்தான் என்றால் அந்த நான்காவது ஒயர் இல்லை. வோல்டேஜைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். அதற்கு பயாஸில் அந்த ஹெடரை ‘டிசி’ முறைக்கு மாற்ற வேண்டும். பிடபிள்யூஎம் முறையிலேயே விட்டால் ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடும். எஸ்எம்பிஎஸ்ஸில் நேராகச் சொருகும் பெரிய மோலெக்ஸ் பிளக் மட்டும் இருந்தால், அந்த ஃபேனை மதர்போர்டால் எதுவும் செய்ய முடியாது. விலை குறைந்த ‘கேமிங்’ கேபினெட்டுகளில் வரும் பளபள ஃபேன்களில் இந்த ரகம் உண்டு. எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், கடையிலேயே பிளக்கைக் காட்டச் சொல்லிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஆறும் நான்கு பின் ஃபேன்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றை உள்ளே இழுக்கும் முன்பக்க மூன்றும், ஒரு ஹெடரைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றில், வெளியே தள்ளும் மேல், பின்பக்க மூன்றும் இன்னொன்றில். ஆறையும் ஆறு விதமாக ஓட்டுவதில் பெரிய பயன் இல்லை; இந்த இரண்டு அணிகள் போதும். பிராசஸர் கூலருக்கான ஹெடரை மட்டும் வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது. அங்கே ஃபேன் சுற்றவில்லை என்று தெரிந்தால் பல மதர்போர்டுகள் எச்சரிக்கை காட்டி, பூட் ஆகாமல் நின்றுவிடும்.

ஸ்ப்ளிட்டர் போடும் முன் ஒரு கூட்டல் கணக்கு. ஃபேனின் நடுவே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ‘12 வோல்ட், 0.15 ஆம்பியர்’ என்பது போல அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலான ஹெடர்கள் 1 ஆம்பியர் வரைதான் தாங்கும். 0.15 ஆம்பியர் ஃபேன் மூன்று சேர்ந்தால் 0.45, கவலையில்லை. அதே இடத்தில் 0.30 என்றிருந்தால் மொத்தம் 0.90 வந்துவிடும், அதுவும் ஃபேன் கிளம்பும் நொடியில் மின்சாரம் கூடுதலாக இழுக்கும். அப்படியானால் சாட்டா பவர் ஒயரிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஹப் வாங்குவதுதான் சரி. மதர்போர்டிலிருந்து கட்டளை மட்டும் வரும், பாரம் எஸ்எம்பிஎஸ் மேல் போய்விடும். இத்தகைய ஹப்களில் பல பிடபிள்யூஎம் மட்டுமே பேசும். மூன்று பின் ஃபேனை அதில் சொருகிவிட்டு இரைச்சல் குறையவில்லை என்று புலம்பிப் பயனில்லை.

ஸ்ப்ளிட்டரிலும் ஹப்பிலும் ஒரு குறை உண்டு. ஒரே ஒரு ஃபேனின் வேகம்தான் மதர்போர்டுக்குப் போய்ச் சேரும். மற்ற இரண்டில் ஒன்று தூசி அடைத்து நின்றுபோனாலும் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். தூசி தட்டும்போது ஆறும் சுற்றுகின்றனவா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி அந்த ‘விர்ர்’. பிரவுசரைத் திறந்ததும் பிராசஸரின் ஓரிரு கோர்கள் உச்ச வேகத்துக்குத் தாவுகின்றன; கண்ணிமைக்கும் நேரத்தில் வெப்பம் பத்து, பதினைந்து டிகிரி எகிறி அதே வேகத்தில் இறங்குகிறது. கேபினெட் ஃபேன்கள் அதன் பின்னால் ஓடுவது வீண் வேலை. ஆசுஸில் கியூ-ஃபேன், ஜிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்று பயாஸில் பெயர் மாறினாலும், வேக மாற்றத்தைச் சில நொடிகள் தாமதப்படுத்தும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதைக் கூட்டினால் பாதிச் சத்தம் போய்விடும். கேபினெட் ஃபேன்களை பிராசஸருக்குப் பதிலாக மதர்போர்டு சென்சாரைப் பின்பற்றச் சொன்னால் மீதியும் அடங்கும், ஏனென்றால் அது மெதுவாகத்தான் ஏறி இறங்கும்.

கேம் ஆடுபவர்களுக்கு இது போதாது. அங்கே அதிக வெப்பத்தைக் கக்குவது கிராஃபிக்ஸ் கார்டு; அதன் வெப்பநிலையோ பெரும்பாலான பயாஸ்களுக்குத் தெரியாது. விண்டோஸில் ‘ஃபேன்கன்ட்ரோல்’ என்ற இலவச மென்பொருள் பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டையும் பார்த்து, எது அதிகச் சூடோ அதற்கேற்ப ஃபேனை ஓட்டும். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸோடு சேர்ந்த ‘ஃபேன்கன்ட்ரோல்’ என்பது பெயரில் ஒன்றானாலும் வேறு மென்பொருள்.

யூடியூபில் பார்க்கும் வேக வரைபடத்தை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். அது 22 டிகிரி அறையில் போட்டதாக இருக்கலாம். சித்திரை மாதத்துச் சேலத்தில் அறையே 36 டிகிரி என்றால், 40 டிகிரியில் ஃபேன் அடங்கும் என்று எழுதி வைத்தால் அந்த எல்லைக்குக் கம்ப்யூட்டர் இறங்கவே இறங்காது. வரைபடம் முழுவதையும் பத்து டிகிரி தள்ளிப் போட்டால் நம் ஊருக்குப் பொருந்தும். 60 டிகிரி வரை 40 சதவீத வேகம், அதற்கு மேல் படிப்படியாக ஏற்றம் என்று தொடங்கிப் பார்க்கலாம். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். அதே ரக ஃபேன் ஒன்றுக்கு இரண்டானாலோ கூடுவது 3 டெசிபல்தான். ஆறு ஃபேன் வாங்கியதன் பலன், ஆறையும் மெதுவாக ஓட்டுவதில் இருக்கிறது.

கேள்வி: ஃபேனிலிருந்து லைட்டுக்கென்று இன்னொரு ஒயர் வருகிறதே, அதை எங்கே சொருகுவது?

பதில்: நான்கு துளை வரிசையில் ஒன்று அடைபட்டு மூன்று மட்டும் திறந்திருந்தால் அது 5 வோல்ட் லைட். நான்கும் திறந்திருந்தால் 12 வோல்ட். மதர்போர்டிலும் பின்கள் இதே அமைப்பில் இருக்கும், அருகில் வோல்டேஜும் அச்சிட்டிருக்கும். நுழையாததை அழுத்தி நுழைத்து 5 வோல்ட் லைட்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் லைட் கருகிவிடும். மதர்போர்டில் பொருத்தமான இடமே இல்லையென்றால் அந்த ஒயரை ஓரமாகக் கட்டி வைத்துவிடலாம். லைட் எரியாது, ஃபேன் வழக்கம்போலச் சுற்றும்.