தேய்ப்பு யந்திரத்தின் பேரிங் மாற்றும் முறை



இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் தச்சர்கள் கைத் தேய்ப்பு யந்திரத்தைப் பழுது பார்க்கக் கொண்டுவருவதுண்டு. பழைய யந்திரத்தை வாங்கிச் சீர்செய்து விற்போரும் நம்மிடையே உண்டு. வட்டத் தட்டில் உப்புத்தாளை ஒட்டி மரத்தை வழவழப்பாக்கும் 'சேண்டர்' என்னும் இந்த யந்திரத்தில் அடிக்கடி தேய்ந்துபோவது பேரிங். அதை மாற்றும் முறையையும், அதில் வியாபாரி பேண வேண்டிய நேர்மையையும் இங்கே எழுதுகிறோம்.

மோட்டார் தண்டின் மேல்முனையில் ஒன்றும் கீழ்முனையில் ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள் இருக்கும். தட்டைத் தாங்குவதற்கு வேறொன்று உண்டு. சில யந்திரங்களில் அது இரண்டாகவும் இருக்கும். நிமிஷத்திற்கு 12,000 சுற்று வரை ஓடும் யந்திரத்தில் மரத்தூள் உள்ளே புகுந்தால் குண்டுகள் தேயாமல் என்ன செய்யும்?

தேய்ந்ததற்கு அடையாளங்கள் நான்கு. உறுமல் சத்தம் கேட்கும். பேரிங் இருக்குமிடம் சுடும். தட்டைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். தட்டின் பேரிங் இறுகிவிட்டால், தட்டு மோட்டாரின் வேகத்திலேயே சுழன்று மரத்தில் வளைய வளையமாகக் கீறல் விழும். ஆனால் தட்டை அடக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தாலும் தட்டு இப்படி ஓடுமாதலால், அதையும் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

புதியது வாங்க, பழையதன் மேலுள்ள எண்ணைப் பார்த்தால் போதும். 608 என்றால் உள்துளை 8, வெளிவட்டம் 22, கனம் 7 மில்லிமீட்டர். 6000 என்றால் 10, 26, 8. 6001 என்றால் 12, 28, 8. எந்த நாட்டில் செய்தாலும் இந்த அளவு மாறாது. எண்ணுக்குப் பின் '2ஆர்.எஸ்.' என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி. 'இசட் இசட்' என்றிருந்தால் தகர மூடி. தூசியில் உழைக்கும் யந்திரத்திற்கு ரப்பர் மூடியே உத்தமம். பெயர்பெற்ற முத்திரைகளில் போலிச் சரக்கும் உலவுவதால், நம்பிக்கையான மொத்த வியாபாரியிடமே வாங்குக.

வேலை தொடங்குமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கையே கழற்றிவிட வேண்டும். முதலில் கார்பன் பிரஷ்களை வெளியே எடுக்கவும். இல்லையேல் மோட்டார் தண்டை உருவும்போது அவை உடையும். தட்டையும் கூட்டையும் கழற்றி, எதிரெடை இருந்த நிலையைக் குறித்துக்கொள்க. பழைய பேரிங்கைப் புல்லர் கொண்டு இழுக்க வேண்டும். திருப்புளியால் நெம்பினால் தண்டு கீறும்.

மாட்டும் இடந்தான் முக்கியம். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் அழுத்துக. அதன் அளவுக்கேற்ற குழாய்த்துண்டு போதும். கூட்டில் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்துக. மாற்றி அழுத்தினால் விசை குண்டுகளின் வழியே சென்று, அவை ஓடும் பாதையில் குழி விழும். புது பேரிங் முதல் நாளே உறுமும். மூடியுள்ள பேரிங்கைத் தின்னரில் கழுவலாகாது. உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துபோகும். பூட்டியபின் கையால் சுழற்றிப் பார்த்து, பிறகு சற்று நேரம் வெறுமனே ஓட்டிப் பார்க்கவும்.

இனி வியாபாரத்தின் விஷயம். தேய்ந்த பேரிங்கில் கிரீஸைத் திணித்தால் சில நாள் சத்தம் அடங்கும். அப்படி அடக்கி விற்பது பழுது பார்த்ததாகாது, குறையை மூடியதாகும். பேரிங்கின் விலை சில வெள்ளிதான். அது முற்றிலும் தேய்ந்தால் மோட்டார் உரசி, சுருள் எரிந்து, யந்திரமே போய்விடும். அதற்குள் அதிர்விலே தச்சரின் கை மரத்துப்போகும். அவருடைய நாட்கூலியும் கெடும்.

அறிந்த குறையைச் சொல்லி விற்பது நம் மார்க்கம் விதித்த கடமை. மறைத்து விற்ற பொருளைத் திருப்பித்தர வாங்கியவருக்கு உரிமையுண்டு என்பது பிக்ஹுச் சட்டம். ஆகவே, மாற்றினால் மாற்றியதைச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் அதையும் சொல்லி விலையைக் குறையுங்கள். கழற்றிய பழைய பேரிங்கை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவர் அதைச் சுழற்றிப் பார்த்தால், நாம் வாங்கிய கூலி ஹலாலானதென்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அல்லாஹ் நம் தொழிலில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.