பழுதுக் கோடு வந்தால் உடனே சென்சாரை மாற்றணுமா?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்6 புகை மாசு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி வந்த, யூரியாக் கரைசல் ஊற்றி ஓட்டும் டீசல் லாரிகளின் புகைப்பாதையில் பொதுவாக இரண்டு நாக்ஸ் சென்சார்கள் இருக்கும். யூரியா தெளிக்கும் இடத்துக்கு முன்னால் ஒன்று, வினையூக்கிக்குப் பின்னால் ஒன்று. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது இவற்றின் வேலை. விலை கையைக் கடிக்கும் சாமான் என்பதால், அவசரப்பட்டு மாற்றினால் நஷ்டம் வண்டிக்காரருக்குத்தான்.

நம்பிக்கை: ஸ்கேனரில் சென்சார் பெயர் வந்தால் சென்சார்தான் போயிருக்கிறது.

உண்மை: பி2200 என்ற கோடு குறிப்பது சென்சாரின் சர்க்யூட்டை. பியூஸ், ரிலே, எர்த், கப்ளர், ஒயர், சென்சாரோடு கேபிளில் பிணைந்திருக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாமே அதில் அடக்கம். யு029டி வந்தால் அந்தப் பெட்டியிடமிருந்து தகவல் வரவில்லை என்று அர்த்தம். முதலில் கரண்ட் போகிறதா என்று பாருங்கள். பி20இஇ வந்தாலோ கதையே வேறு. நாக்ஸ் போதிய அளவு குறையவில்லை என்று சென்சார் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் கலந்த யூரியா, உப்புப் படிந்து அடைத்த நாசில் இரண்டும் இதைக் கொண்டுவரும். யூரியா அளவுக்கு மீறித் தெளித்தாலும் சிக்கல்தான்: மிஞ்சும் அம்மோனியாவையும் பின்பக்கச் சென்சார் நாக்ஸ் என்றே கணக்கிட்டுவிடும். இத்தனை இருக்கும்போது சென்சாரை மட்டும் கழற்றி எறிவது அநியாயம்.

நம்பிக்கை: மல்டிமீட்டரில் 24 வோல்ட் காட்டுகிறது, ஆகவே ஒயரிங் சரி.

உண்மை: பலரும் ஏமாறும் இடம் இது. ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். சென்சாரின் ஹீட்டர் கரண்ட் இழுக்கும்போதுதான் வோல்ட் சரியும். கப்ளரைக் கழற்றி, சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 24 வோல்ட் பல்பை எரியவிட்டு, அப்போது அளக்க வேண்டும். பல்பு மங்கினால் கோளாறு ஒயரிலோ எர்த்திலோதான். ஊசியால் ஒயரைக் குத்திப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த ஓட்டை வழியே மழைநீர் இறங்கி, உள்ளே செம்பு பச்சை பிடித்துவிடும்.

தகவல் போகும் கேன் ஒயர்கள் இரண்டுக்கும் நடுவே, பேட்டரியைக் கழற்றிய பிறகு அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டரோ ஒயரோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சூடான குழாயில் கேபிள் உரசிக் கருகியிருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள்.

நம்பிக்கை: ஸ்டார்ட் பண்ணியும் ரீடிங் வரவில்லை, சென்சார் செத்துவிட்டது.

உண்மை: உள்ளே இருப்பது சிர்கோனியா பீங்கான். ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் அது அளக்கும். குளிர்ந்த குழாயில் நீர்த்துளி இருக்கையில் சூடேற்றினால் பீங்கான் விரிசல் விடும் என்பதால், குழாய் காயும்வரை ஹீட்டர் முழுதாக இயங்காது. ஓட்டிச் சூடாக்கிய பின்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.

நம்பிக்கை: புகை வரவில்லை, புகைச் சான்றிதழும் கையில் இருக்கிறது, சென்சாரை ஏமாற்றும் பெட்டியை மாட்டிவிட்டால் போதும்.

உண்மை: அந்தச் சான்றிதழுக்கான சோதனையில் டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் அடர்த்தியை. நாக்ஸை அது அளப்பதில்லை; குழாயிலிருந்து வரும் நாக்ஸ் கண்ணுக்கும் தெரியாது. போலிப் பெட்டி யூரியாவை நிறுத்திவிடும். வினையூக்கி சும்மா கிடக்கும். அந்த விஷக்காற்றைச் சுவாசிப்பது சாலையோரக் கடைக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும். இதைச் சிக்கனம் என்று சொல்லி விற்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேலை முடிந்து பழுதுக் கோடை அழித்ததும் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது. லோடோடு ஓட்டி, இரண்டு சென்சார்களின் அளவையும் ஸ்கேனரில் சேர்த்துப் பாருங்கள். யூரியா தெளிக்கும் நேரத்தில் பின்பக்க அளவு முன்பக்கத்தைவிட வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும்.